கருகியது என்று எழுதும் முன்

மத்தியானம் சாப்பிட்ட கையை இன்னும் கழுவவில்லை, அதற்குள் கொழும்பிலிருந்து கீர்த்தனா கூப்பிட்டாள். எங்கள் பழைய தோட்டத்து வேலாயுதண்ணனின் பேத்தி. தேயிலையை ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில், ருசி பார்க்கும் அறையில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். என்னைத் தாத்தா என்பாள். தொழிலில் சந்தேகம் வந்தால் மட்டும்தான் இந்தத் தாத்தா ஞாபகத்துக்கு வருவார், அது வேறு கதை.

"தாத்தா, பேக்கி, ஹை-ஃபயர்ட், பேர்ன்ட், மூணுக்கும் என்னா வித்தியாசம்? போன்ல தட்டிப் பாத்தா ஒண்ணுக்கும் சரியான தமிழ் இல்ல. கருகினது, கருகினதுன்னே வருது."

"போன் தேத்தண்ணி குடிக்குமா?" என்றேன்.

"ஐயோ, வெளையாடாதீங்க. முன்னால ஒரு கோப்ப இருக்கு. எங்க பெரியவரு கூட்டத்துக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள நான் ஒரு வார்த்த எழுதி வைக்கணும். பேர்ன்ட்னு எழுதப் போறேன். சரிதானே?"

எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று கேட்டேன். சொல்லக்கூடாதாம். நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தையை அவள் அப்படி அவசரத்தில் எழுத விடக்கூடாது. "எழுதாத. பேனாவக் கீழ வை. கையக் கழுவிட்டு வர்றேன்," என்றேன். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

நான் டீமேக்கராக, அதாவது தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பாளாக இருந்து ஓய்வு பெற்றவன். இரத்தினபுரிக்கும் பெல்மதுளைக்கும் இடையில் ஒரு தோட்டத்து ஸ்டோரில்தான் என் காலம் முழுவதும் போனது. ஸ்டோர் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்கு மேலே ஏறி இறங்கி, அரைக்கிற மெசினுக்குக் கீழே கூட்டிப் பெருக்கி, எல்லாரும் கற்றுக்கொள்வதுபோல நானும் கற்றுக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது ஏக்கநாயக்க மாத்தயாவைப் பற்றித்தான்.

அவர் எங்கள் பெரிய டீமேக்கர், நான் சின்ன டீமேக்கர். அரைக்கை வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார், வாசனைச் சவர்க்காரம் போட மாட்டார். ருசி பார்க்கிற நாளில் வெங்காயம் கண்ணில் படக்கூடாது, அதனால் அவர் வீட்டு நோனா பட்ட பாட்டை அந்த அம்மாவே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். சிங்களவர், மாத்தயா என்றால் ஐயா. ஆனால் ஸ்டோருக்குள் பழகின எங்கள் தமிழைத்தான் பேசுவார், நடுநடுவே சிங்களம் வந்து விழும். நாங்களும் அப்படித்தானே, பாதி வாக்கியம் தமிழில் தொடங்கி சிங்களத்தில் முடிப்போம்.

ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு "நல்லா இல்ல மாத்தயா" என்று சொல்லிவிட்டால் போச்சு.

"நல்லா இல்லன்னு மாடு கூடச் சொல்லும் கணேசன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகும். எப்பிடி நல்லா இல்ல? அதச் சொல்லு."

சொல்வேன். உடனே "ஆயெத்" என்பார். மறுபடியும் என்று அர்த்தம். முதல் வாயில் சொன்ன எந்த வார்த்தையையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை, அது சரியாகவே இருந்தாலும். கரண்டியில் அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பி, அவித்த இலையை மூடியில் கவிழ்த்து மூக்கருகில் கொண்டுபோய், பிறகு ஒரு வார்த்தை. "ஆயெத்." மறுபடியும் எல்லாம். சில நாள் எனக்குப் பொறுமை போய்விடும். இந்த மனுசனுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

தேயிலை பற்றிப் பேசுகிற வார்த்தைகள் எல்லாம் இங்கிலீஷ்தான், அதில் ஒன்றும் செய்ய முடியாது. அவை பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல இருக்கும், ஆனால் ஒரே ஆள் கிடையாது. ப்ரைட் என்பது கண்ணுக்கு, கோப்பையின் நிறம் தெளிந்து நிற்பது. ப்ரிஸ்க் என்பது வாய்க்கு, பல் ஈறைப் பிடிப்பது. கண்ணுக்கு ப்ரைட்டாக இருப்பது வாயில் ப்ரிஸ்க்காக இல்லாமல் போகலாம். ஃப்ளாட் என்றால் திறந்து வைத்த டின்னில் கிடந்து உயிர் போனது. சொஃப்ட் என்றால் உயிர் இருக்கிறது, எழுந்து உட்காரவில்லை. இப்படித்தான் எனக்கு அவர் சொல்லித்தந்தார்.

சூட்டைப் பற்றிய வார்த்தைகளுக்கு எங்கள் வீட்டு அடுப்பே போதும். இலையைக் காயவைக்கிற ட்ரையரில் சூடு கொஞ்சம் கூடினால் பேக்கி. பேக்கரிப் போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த பாணின் மேல் தோல் மணக்குமே, அது. இன்னும் கூடினால் ஹை-ஃபயர்ட். ரொட்டியில் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்த மாதிரி. அதையும் தாண்டினால்தான் பேர்ன்ட், அடிப்பிடித்த சோறு. பிறகு ஸ்மோக்கி என்று ஒன்று இருக்கிறது. அது சூட்டில் வராது. கீழே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு குழாய் வழியாகக் காற்றுக்கு ஏறி ட்ரையருக்குப் போகும். குழாய் வெடித்திருந்தால் விறகுப் புகை தேயிலையில் இறங்கிவிடும். கடைசியாக டெயின்ட். அது தேயிலையின் வாசமும் இல்லை, தீயின் வாசமும் இல்லை. வெளியே இருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பூண்டு, எதுவாகவும் இருக்கலாம். தேயிலை எதைப் பக்கத்தில் வைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

"வார்த்தன்னு நினைக்காத கணேசன்," என்பார். "ஒவ்வொண்ணும் ஒரு எடத்தக் காட்டும். ஸ்மோக்கின்னா அடுப்புக்குப் போ. பேக்கின்னா சூட்டு மீட்டரப் பாரு. பேர்ன்ட்னா ட்ரையர்கிட்ட ஆள் இல்ல." அவர் சொன்னது உண்மைதான். ட்ரையரில் நிற்கிறவர் கண்ணை எடுக்கக்கூடாது. சூடு ஏறினால் குறைக்க வேண்டும், தட்டில் இலை மெலிந்தால் வேகத்தை மாற்ற வேண்டும். நின்று பார்க்கிற ஆள் இருந்தால் பேக்கி வரலாம், ஹை-ஃபயர்ட் கூட வரலாம். பேர்ன்ட் வராது.

எங்கள் ட்ரையரில் நின்றவர்தான் வேலாயுதண்ணன். என்னைவிட மூத்தவர். நான் ஸ்டாஃப் என்பதால் என்னை ஐயா என்பார், நான் அவரை அண்ணே என்பேன், இரண்டு பேருக்கும் அது பழகிப் போயிருந்தது. ஒரே மகள் சாந்தி. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை சாந்திக்கு வலி கண்டது. தோட்டத்து லொறியில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அண்ணன் சம்சாரமும் கூடவே போய்விட்டார். வெள்ளிக்கிழமை விடிந்தும் ஒரு சேதியும் இல்லை. கையில் போன் வைத்திருக்கும் காலம் இல்லை அது. ட்ரையர் தெரிந்த மாற்று ஆள் காய்ச்சலில் கிடந்தான். வாட்டின கொழுந்து மலைபோலக் குவிந்திருக்கிறது, அரைத்தது வந்துகொண்டே இருக்கிறது. அண்ணன் ட்ரையரில் நின்றார்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஸ்டோரில் ரோதமுனிக்குப் பூசை. சக்கரமாகச் சுற்றுகிற மெசின்களுக்கெல்லாம் காவல் அவர்தான். எஞ்சின் அறைக்கு வெளியே ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான் கோயில். காலையில் மெசின் ஓடுமுன் சிரட்டையில் தணல் போட்டு, ஒரு துளி சாம்பிராணி தூவி, வாசலில் காட்டிவிட்டு வெளியே கொண்டுபோய் விடுவார்கள். வாசம் தேயிலையில் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏக்கநாயக்க மாத்தயாவும் வந்து கையைக் கூப்பி நிற்பார்.

அன்று மத்தியானம் ஒஃபிஸுக்குப் போன் வந்தது. பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். அண்ணன் அப்படியே ட்ரையரின் இரும்புப் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், எங்கள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. சாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சில நாளில் லயத்துக் காம்பராவுக்கு, தோட்டத்து வரிசை வீட்டில் அண்ணனுடைய அறைக்கு, வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து தோட்டத்து மேனேஜரான தொரைக்கு ஒரு போன் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைத் தேயிலையை ஏலக் கம்பெனியில் யாரோ அவசரத்தில் ருசி பார்த்திருக்கிறார். பேர்ன்ட் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் தொரை இளைஞர், கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வார்த்தை எதைக் காட்டுகிறது என்று அவருக்கும் தெரியும். ஆள் ட்ரையரை விட்டுப் போயிருக்கிறான், மகளைப் பார்க்கத்தான் போயிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார். வேலாயுதத்தை நிறுத்திவிடுங்கள் என்று சொன்னார். வேலை போனால் காம்பராவும் போகும், எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். அந்தக் காம்பராவில்தான் பச்சை உடம்புக்காரியும் பச்சைப் பிள்ளையும் படுத்திருக்கிறார்கள்.

நான் ஓட்டமாக ட்ரையருக்குப் போனேன்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. வெள்ளிக்கெழம மெசின விட்டு எங்கயாச்சும் போனீங்களா?"

"போறதா இருந்தா ஆஸ்பத்திரிக்கே போயிருப்பேனேங்க ஐயா. ஒரு அடி நகரல."

"பின்ன எப்பிடிண்ணே கருகின வாசம் வரும்?"

அவர் ட்ரையரின் வாயைக் காட்டினார், காய்ந்த தேயிலை சூடாக வந்து விழுகிற இடம்.

"சாமிகிட்டப் போயி நிக்க முடியலைங்க. புள்ள என்ன ஆச்சோன்னு நெஞ்சு அடிச்சிக்குது. அதான் சாமிய இங்க கூட்டிட்டு வந்தேன். தணல் போட்டு, இருந்த சாம்பிராணி அத்தனையும் போட்டு, இங்கனயே வச்சிக்கிட்டேன். சேதி வர்ற வரைக்கும் அணைய விடல."

அட முனியாண்டி! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நேரே மாத்தயாவிடம் போய் அதைச் சொன்னேன். எடுத்து வைத்திருந்த மாதிரித் தேயிலையை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "மேக்க பேர்ன்ட் நெவெய்," என்றார். இது பேர்ன்ட் இல்லை.

"அப்ப ஸ்மோக்கின்னு சொல்லிடுங்க மாத்தயா. அடுப்புக் குழாய் வெடிச்சிருச்சுன்னு போயிரும். ஒருத்தருக்கும் பழி இல்ல."

"அது பொய் கணேசன். அடுப்பு ஒண்ணும் செய்யல."

"அடுப்புக்குப் புள்ள குட்டி இருக்கா மாத்தயா? அது மேல பழி போட்டா அழுவுமா?" கத்திவிட்டேன். அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

அவர் கோபிக்கவில்லை. "ஸ்மோக்கின்னு சொன்னா தொரை அடுப்ப நிறுத்துவாரு, குழாயக் கழட்டுவாரு. வெடிப்பு இருக்காது. அப்பறம் நான் சொல்ற எந்த வார்த்தையும் நிக்காது. வேலாயுதமும் நிக்க மாட்டான். போ, தண்ணி கொதிக்க வை. ஆயெத்."

கொதிக்க வைத்தேன், கேத்தலை மேசையில் டங்கென்று வைத்தேன். அவருடைய ஒரு வார்த்தைக்கு ஒரு குடும்பமே தெருவுக்கு வரப் போகிறது, இவருக்கு ஆயெத்தாம். அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன் என்றே சொல்லலாம்.

மறுநாள் காலை தொரையை ருசி பார்க்கும் அறைக்கு அழைத்தார். மேசையில் மூன்று கோப்பை. நல்ல தேயிலை ஒன்று. அன்று விடிந்ததும் வேண்டுமென்றே கருக விட்டது ஒன்று. நடுவில் அந்த வெள்ளிக்கிழமைத் தேயிலை. மூன்றுக்கும் ஒரே நிறை, ஒரே தண்ணீர், ஒரே நேரம். அவித்த இலையை மூடியில் கவிழ்த்துக் கோப்பைக்கு முன்னால் வைத்தார். பிறகு கரண்டியைத் தொரையின் கையில் கொடுத்தார்.

தொரை கருகினதைக் குடித்தார், நடுவில் இருந்ததைக் குடித்தார். "இரண்டும் ஒன்றுதானே?" என்றார் சிங்களத்தில்.

"ஆயெத், சேர்," என்றார் மாத்தயா.

தொரையிடமே ஆயெத்! தொரை ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார், பிறகு மறுபடியும் உறிஞ்சினார். "இலையை மோந்து பாருங்க சேர்," என்றார் மாத்தயா. தொரை குனிந்து மோந்தார். கருகினதை மோந்தார், நடுவில் இருந்ததை மோந்தார். திரும்பவும் நடுவில். மெதுவாக நிமிர்ந்தார்.

"கோயில்," என்றார். "கோயில் வாசம் அடிக்கிறது."

"டெயின்ட், சேர்," என்றார் மாத்தயா. அந்த வார்த்தையை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "இது தீ செஞ்சது இல்ல. தீ செஞ்சிருந்தா ஆள் அங்க இல்லன்னு அர்த்தம். இது சாம்பிராணி. மக ஆஸ்பத்திரியில கெடக்கிறா, மெசின விட்டுப் போக முடியாதுன்னு சாமியப் பக்கத்துல வச்சிக்கிட்டு நின்னிருக்கான். அவன் போகலைங்கிறதுக்கு இந்தக் கோப்பைதான் சாட்சி."

தொரை வேலாயுதண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"ஏன் லீவு கேட்கவில்லை?"

"கேட்டா ட்ரையர யாருங்க பாக்குறது, தொரை?"

அப்போது மாத்தயா ஒரு அடி முன்னால் வந்தார். சாம்பிராணியை ஸ்டோருக்குள் விட்டு வைத்தது நான்தான், வெள்ளிக்கிழமைதோறும் நானும் நின்று கும்பிட்டிருக்கிறேன், எச்சரிக்கைக் கடிதம் எழுதுவதானால் என் பெயருக்கு எழுதுங்கள் என்றார். அவர் ஓய்வு பெற அதிக காலம் இல்லை. அதுவரை அவருக்கு ஒரு எச்சரிக்கைகூட வந்தது கிடையாது. எழுதினார்கள். அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொழுந்து வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். நான் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினேன்.

அண்ணனை அன்று சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பினார் தொரை. இனிமேல் ரோதமுனிக்குப் புகை காட்டுவதெல்லாம் கல்லுக்கு முன்னால் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

அந்தத் தேயிலையை யார் வாங்குவார்? தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு மாதாமாதம் தேயிலை கொடுப்பார்கள் அல்லவா, அந்த மாதம் இதைக் கொடுத்தார்கள். காலையில் லயத்துப் பக்கம் போனால் எந்த வீட்டுக் கேத்தலிலும் கோயில் மணக்கும். "விடிஞ்சதும் சாமி கும்பிட்ட மாதிரியே இருக்கு" என்று கிழவிகள் ஆளுக்கு ஒரு குவளை கூடக் குடித்தார்கள்.

முப்பதாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். மாத்தயாவும் வந்திருந்தார். லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அண்ணனே தன் கையால் ஒரு பிளேன்டீ கொண்டு வந்து கொடுத்தார். என்ன தேயிலை அது என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மாத்தயாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வழக்கம்போல முதலில் மோந்தார். சத்தம் வர உறிஞ்சினார். ஆனால் துப்பவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வெறும் கிளாஸை அண்ணனிடம் நீட்டினார்.

"ஆயெத்," என்றார்.

லயமே சிரித்தது. வேலாயுதண்ணன் மட்டும் கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தேன்.

"கீர்த்தனா? இருக்கியா?"

"இருக்கேன் தாத்தா." என்றாள். "அந்தப் புள்ள... நானா?"

"பின்ன வேற யாரு? உங்க அம்மாவுக்கு நீ ஒருத்திதானே."

"எனக்கு யாரும் சொல்லவே இல்ல. எங்க தாத்தா ஒரு வார்த்தகூடச் சொன்னதில்ல."

"ஒங்க தாத்தா என்னைக்குப் பேசுனாரு? நின்னாரு, அவ்வளவுதான்."

மூக்கை உறிஞ்சுகிறாள். என் மனைவி எட்டிப் பார்த்து என்ன என்று கையால் கேட்டாள், ஒன்றுமில்லை என்று நானும் கையால் சொன்னேன். அந்த இரண்டு பேரும் இன்றைக்கு இல்லை, வேலாயுதண்ணனும் இல்லை, மாத்தயாவும் இல்லை. அவர்கள் இருந்து இந்தப் பிள்ளை அந்த மேசைக்கு முன்னால் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"தாத்தா, போன வச்சிராதீங்க," என்றாள். "தண்ணி திரும்பக் கொதிக்க வைக்கிறேன்."

நான் போனை வைக்கவில்லை. கேத்தல் இரையும் சத்தம் கேட்டது. கோப்பையும் மூடியும் உரசின. நேரம் போனது. பிறகு கரண்டி, அந்த உறிஞ்சல். பரவாயில்லை, நன்றாகத்தான் உறிஞ்சுகிறாள். துப்பினாள். இப்போது ஒரு வார்த்தை சொல்வாள் என்று காதைப் போனோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆயெத்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த வாய்க்குக் கரண்டியை விட்டாள்.